பாவில் சொட்டிய எண்ணெய்

எழுபதுகளில், ஆணழகன் போட்டிக்குத் தயாரான காஞ்சிபுரம் நெசவாளி மாணிக்கத்தை வைத்து ஆவணப்படம் எடுத்தேன். காலையில் கர்லாக்கட்டை சுற்றுவார். பகலில் முதலாளியின் தறியில் பட்டு நெய்வார்.

"போட்டிக்குப் பூசற மாதிரி உடம்புல எண்ணெ பூசிக்கிட்டு தறியில உட்காருங்க, படத்துல தசை மின்னும்" என்றேன்.

"வேணாம் சார். ஒரு சொட்டு பட்டாலும் சேலை பாழாயிடும். நெய்யற அன்னிக்கு நான் தலைக்கே எண்ணெ வெக்க மாட்டேன்."

நான் விடவில்லை. உட்கார்ந்தார். படப்பிடிப்பு விளக்குச் சூட்டில் எண்ணெய் வழிந்து, தறியில் இருந்த முகூர்த்தச் சேலையின் பாவு நூலில் சொட்டியது. அவர் பதறித் துடைக்கத் துடைக்கக் கறை பரவியது. நான் கேமராவை நிறுத்தவில்லை.

மறுநாளே முதலாளி அவரைத் தறியிலிருந்து எழுப்பி வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

"இனிமே பாலுக்கும் முட்டைக்கும் எங்க சார் போறது? போட்டி வேணாம்" என்றவர், "படமாச்சும் நல்லா வந்திருக்குதா?" என்று கேட்டார்.

நன்றாகவே வந்திருந்தது. படத்தைத் திரையிட்டபோது, அவர் பதறித் துடைக்கும் காட்சிக்குத்தான் அரங்கமே கைதட்டியது. நானும் எழுந்து கும்பிட்டேன். அந்தக் கும்பிடு இன்றும் என்னைக் கூச வைக்கிறது.