டிபன் பாக்ஸில் பனி

இன்று காலை பழைய ஃப்ரிட்ஜை எடுத்துப் போக இரண்டு பேர் வந்தார்கள். சேலையூருக்குக் குடிவந்த புதிதில் வாங்கிய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். காலி செய்து கொடுப்பதற்காக ஃப்ரீசரைக் கரண்டியால் சுரண்டினேன். பழைய மீனும் தகரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது பாருங்கள், ரஃபீக் ஞாபகம் வந்துவிட்டது.

சொன்னால் சிரிப்பீர்கள். என் முதல் வேலை, கேம்ப் ரோட்டில் ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ வெளிநாட்டுக் காட்டுக்குள் பனிச்சறுக்குத் தடம் எப்படி இருக்கிறது என்று டைப் அடிப்பது. அங்கே மிஷின் ஓட்டித் தடத்தைச் சமப்படுத்துகிறவர் விடிந்ததும் ஃபோனில் பேசிப் பதிவு செய்வார். நமக்கு அது டீ நேரம். கேட்டு எழுதி அவர்கள் வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். நானும் பக்கத்து சீட் ரஃபீக்கும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் ‘நல்ல வெயில்’ என்றதை நான் ‘துரதிர்ஷ்டவசமாக வெயில்’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். தாம்பரத்துக்காரனுக்கு வேறெப்படித் தோன்றும்?

மார்ச் வந்துவிட்டால் அவர் சொல்வது ஒன்றேதான். காலையில் தடம் கெட்டி. பத்து மணிக்குப் பனி உதிர்ந்து சர்க்கரை. மத்தியானம் உருகிக் கஞ்சி. சீக்கிரம் வந்துவிடுங்கள்.

“சக்கரைன்னா எப்படிடா இருக்கும் மச்சான்?” என்று ரஃபீக் ஒரு வாரம் அரித்தெடுத்தான். ஒருநாள் வீட்டு ஃப்ரீசரைச் சுரண்டி டிபன் பாக்ஸில் கொண்டுவந்தான். திறந்தால் தண்ணீர்.

“கேம்ப் ரோடு சிக்னல்லயே மத்தியானம் ஆயிடுச்சுடா!”

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம், நிஜப் பனியை ஒருதரமாவது கையில் அள்ள வேண்டும். அந்த வேலை போன பிறகும் ஒவ்வொரு மார்ச்சிலும் ஃபோன் செய்வான். “மணாலி போலாம், லீவு போடுறியா?”

“அடுத்த வருஷம்டா” என்பேன். ஏதாவது ஒரு சாக்கு. ஒருதரம் எரிச்சலில், “நீ மட்டும் போயேன்டா” என்றும் சொல்லிவிட்டேன்.

“தனியாப் போய் யாருகிட்ட காட்டுறது?” என்றான்.

கொரோனாவில் போய்விட்டான். நாற்பதுகூட ஆகவில்லை. அடக்கத்துக்கு நாலு பேரைத்தான் விட்டார்கள். அதில் நான் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியில் இப்போது பல் கிளினிக்.

“புது ஃப்ரிட்ஜுல ஐஸே கட்டாது சார், சுரண்டுற வேலையே கிடையாது” என்றார் வந்தவர், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

என் கையில் ஒரு பிடி இருந்தது. பொடிப்பொடியாக, ரஃபீக் கேட்ட அதே சர்க்கரை. அவர்கள் ஃப்ரிட்ஜைப் படியில் இறக்கி முடிப்பதற்குள் அது முழங்கை வழியாக ஒழுகிப்போயிற்று.