படகில் இருந்த இன்னொரு சாக்கு

நான் ராஜபாளையத்தில் நூற்பாலை சூப்பர்வைசர். இருபது வருட சர்வீஸ். ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், ஆறு வயது மகளோடு பிளவக்கல் அணையின் அக்கரையில் இருக்கும் மச்சினன் தோப்புக்குப் போக, மீன்பிடிக்கும் மோட்டார் படகில் ஏறினேன். குளிருக்கு அவளுக்குக் கெட்டிப் பருத்தியில் இரண்டு சட்டை போட்டிருந்தேன்.

படகுக்காரர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, பருத்தி நனைஞ்சா உடம்புச் சூட்ட உறிஞ்சிரும். இது ஆகாது."

"பஞ்சப் பத்தி எனக்கு நீ சொல்லித் தாரியா? படக ஓட்டு."

அதன்பின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடு அணையில் மழை பிடித்தது. மலைக்காற்றில் மகளுக்குப் பல் தந்தியடித்தது. உதடு நீலம் பாரித்தது. நான் இன்னொரு பருத்தித் துண்டைச் சுற்றினேன். அதுவும் நனைந்தது.

"யோவ், மொதல்ல அம்புட்டையும் கழத்து!" என்று படகுக்காரர் கத்தினார். நான் முறைத்துக்கொண்டு நின்றேன். அவரே வந்து ஈரச்சட்டைகளைக் கழற்றினார். பெட்டியிலிருந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் உரச்சாக்கை எடுத்து, தலைக்கும் கைக்கும் ஓட்டை கிழித்து மாட்டி, இன்ஜின் சூட்டருகே அவளை உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

"பிள்ளைக்காகச் செஞ்சேன். ஒனக்கில்ல."

பெட்டியில் இன்னொரு சாக்கு இருந்தது. கரை சேரும்வரை நடுங்கினேனே தவிர, அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டிக்கொண்டாவது கொடுத்திருப்பார்.

"அந்தச் சாக்க ஏம்ப்பா நீங்க கேக்கல?" என்று மகள் இப்போதும் கேட்கிறாள்.

எனக்குக் குளிரவில்லை என்றுதான் சொல்லி வருகிறேன்.