மேடையில் படுத்த டெய்லர்

ஊரில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் போனாலும் அதையே சொல்வார். "நாளைக்கு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு படியேறுகிறவர்களுக்கு, "இன்னைக்கே இருக்கார், உள்ள வாங்க" என்று அவர் மனைவி பதில் சொல்வாள். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, வந்தவர்களின் கோபத்தை ஆற்றுவது எல்லாம் அவள் வேலை.

ஒரு காலையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு மட்டும் தப்பியது, அதில் ஒரு குறையும் இல்லை.

படுக்கையில் இருப்பவருக்கு உடை மாற்றுவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். வாதம் விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இது தெரியாமல் டெய்லர் நைட்டியைத் தலைவழியே மாட்டி இழுத்ததில் அவளுடைய இடது தோள் வீங்கியது. அந்த நைட்டியைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார். அன்றே உட்கார்ந்து வேறொன்று தைத்தார். முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும்; துணியை முதுகின்மேல் மடித்து வலது விலாவில் நாடாவால் முடிந்தால் போதும். ஆளைத் தூக்கவே வேண்டாம். நல்ல கை பக்கம் முடிச்சு இருந்தால் அவளே அவிழ்த்துக்கொள்ளலாம் என்று யோசித்துத்தான் அங்கே வைத்தார்.

அதற்குள் ரெடிமேட் வந்து கடையைத் தின்றுவிட்டது. டவுனில் ஒரு கார்மென்ட் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. காலையில் வேன் ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். போனால் அடுப்பு எரியும்; ஆனால் பகல் முழுக்க அவளை யார் புரட்டிப் போடுவது? போகாவிட்டால் அவளுக்கு மருந்து வாங்குவது எப்படி? வாரக் கடைசிக்குள் பதில் சொல்லும்படி சூப்பர்வைசர் ஆள் அனுப்பியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மச்சினி வந்து நின்றாள்.

"மாமா, சங்கக் கட்டடத்துல போட்டி வெச்சிருக்காங்க. கிராமத்துல இருந்துக்கிட்டே என்ன தொழில் செய்யலாம்னு திட்டம் சொல்லணும். ஜெயிச்சா ரெண்டு மிஷின், முதல் போட பணம். அக்கா போட்டிருக்காளே, அந்த நைட்டியைச் சொல்லுங்க."

"வெறுங்கை முழம் போடுமா? போய் அவமானப்பட்டுட்டு வரச் சொல்றியா?"

கட்டிலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "போய்ட்டு வாங்க. ஆனா என் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

போட்டோ கிடையாது, உடுத்திக் காட்ட ஆளும் கிடையாது. கடைசியில் டெய்லரே நோயாளியாகப் படுப்பது, மச்சினி உடுத்திவிடுவது என்று முடிவாயிற்று.

கூடம் நிறைந்திருந்தது. காளான் வளர்க்கும் பெண்கள், பழைய டயரில் செருப்புத் தைக்கிறவர், தேன்பெட்டிக்காரர் எல்லாரும் படம் போட்டு விளக்கினார்கள். பேங்க் மேனேஜர், மிஷின் கடை முதலாளி, ஒரு ஆஸ்பத்திரியின் ஹெட் நர்ஸ் மூவரும் நடுவர்கள். டெய்லரைக் கூப்பிட்டதும் அவர் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். பேசாமல் போய் மேடையிலிருந்த மேஜைமேல் படுத்துவிட்டார். கூடம் சிரித்தது.

படுத்த பிறகு அவர் நடிக்கவில்லை. இடது கை எப்படித் தொய்ந்து கிடக்கும், விரல்கள் எப்படி உள்ளே மடங்கும் என்று அவருக்கு மனப்பாடம். சிரிப்பு அடங்கியது. மச்சினி சளசளவென்று விளக்கிக்கொண்டே கைகளை நுழைத்தாள், இடப்பக்கம் சாய்த்துத் துணியை முதுகின்மேல் மடித்தாள், முடிச்சுப் போட்டாள். நடுவர்கள் அவர் தலைக்கு மேலே அவளிடம் கேள்வி கேட்டார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், தன்னிடம் யாரும் பேசவில்லை. அது ஒரு மாதிரி இருந்தது.

"இப்ப வலப்பக்கம் புரட்டறேன், பாருங்க" என்று மச்சினி அவரைத் திருப்பினாள். முடிச்சு விலா எலும்பில் கல் மாதிரி ஏறியது.

அவர் மனைவி வலப்பக்கமாகத்தான் தூங்குவாள். இடது தோளில் பாரம் விழக்கூடாது என்று அவரேதான் அப்படிப் படுக்க வைப்பார்.

"நிறுத்து" என்றார்.

"மாமா, பேசாம படுங்க, நேரம் முடிஞ்சுதுன்னு மணி அடிக்கப் போறாங்க!"

"இது தப்பு. நாடா இங்க வரக்கூடாது." எழுந்து உட்கார்ந்து சட்டைப் பையைத் துழாவி துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்தார். உடம்பில் இருந்தபடியே நைட்டியின் விலாவில் ஒரு பெருக்கல் குறி போட்டார். முடிச்சு இனி அங்கே வரட்டும் என்று நெஞ்சுக்கு நேரே இரண்டு கோடு இழுத்தார். ட்ரையலில் குறை தெரிந்தால் அங்கேயே குறி போடுவதுதான் அவர் அறிந்த தொழில். அவர் கோடு இழுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. செலவு, லாபம் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க பொருள்ல குறை இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே?" என்றார் மேனேஜர், கோபமில்லாமல்.

"இருக்கே சார்."

பரிசு காளான் பெண்களுக்குப் போனது. நன்றாகச் சொன்னார்கள், கிடைக்க வேண்டியதுதான். மச்சினி வாசலில் நின்று மாமாவைத் திட்டித் தீர்த்தாள். அப்போது ஹெட் நர்ஸ் வந்தார். "முடிச்சை மாத்திட்டுக் கொஞ்சம் தைச்சுக் கொண்டாங்க. என் வார்டுல போட்டுப் பார்க்கறேன். நல்லா இருந்தாத்தான் தொடர்ந்து எடுப்பேன். இப்பவே எதுவும் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"பரிசு?"

"வரலை." அவள் பக்கம் குனிந்து, "அந்த முடிச்சு குத்துதா உனக்கு?" என்றார்.

கேட்டபடியே நைட்டியை ஒதுக்கிப் பார்த்தார். விலாவில் தோல் சிவந்து தடித்திருந்தது. தினமும் துடைத்துவிடும் இடம். படுக்கை மடிப்பு என்று நினைத்திருந்தார்.

"ஏம்மா சொல்லலை?"

"கட்டி முடிச்சதும் ஒரு பார்வை பார்ப்பீங்களே, பெருமையா. அதைப் பார்த்தப்புறம் பிரிச்சுத் தைங்கன்னு சொல்ல வாய் வரலை."

'சரியா இருக்கா' என்று கேட்டால் படுத்திருப்பவர்கள் 'சரி' என்றுதான் சொல்வார்கள். எங்கே குத்துகிறது என்று கேட்க வேண்டும். டெய்லர் அன்று அப்படிக் கேட்டார். காலர் பட்டி, அக்குள் தையல், இடுப்பில் சுருளும் துணி என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் தடித்த இடத்தில் எண்ணெய் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நர்ஸ் சொன்னதைச் சொன்னார். "வேனுக்கு இப்போதைக்கு வரலைன்னு சொல்லிடறேன். வார்டுல வேண்டாம்னுட்டா அப்ப பார்க்கலாம். ஒவ்வொண்ணையும் முதல்ல நீ போட்டுப் படுக்கணும். நீ சரின்னாத்தான் அனுப்புவேன்."

"பொய்ச் சரியா, நிஜச் சரியா?"

"நிஜம்."

"அப்ப மொதல்ல மிஷினை இந்தப் பக்கம் திருப்பிப் போடுங்க. நீங்க தைக்கறது எனக்குத் தெரியணும்."

அவர் எழுந்து மிஷினை அவள் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டார்.