சட்டையின் நிறம்

எண்பதுகளின் தொடக்கம். வீட்டைவிட்டுப் போன மகனைத் திருவண்ணாமலையில் பார்த்ததாக யாரோ சொல்ல, தேடி வந்தேன். செங்கம் சாலையில் எனக்குக் கிடைத்த அறைக்குப் பக்கத்து அறையில் ஓர் ஓவியர் தனியாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டியிருக்கும் வேட்டியிலேயே தூரிகையைத் துடைத்துக்கொள்வார். அவர் படங்களில் உருவமே கிடையாது. கண்ணைப் பறிக்கும் வண்ணப் பட்டைகள் மட்டும்.

"இதெல்லாம் என்னங்க?" என்றேன்.

"இந்தச் செவப்பு எங்கப்பா. சாயப்பட்டறையில வேலை. முழங்கை வரைக்கும் இப்படித்தான் இருக்கும். அந்த ஊதா என் சம்சாரம். ரெண்டு பேரும் போய்ட்டாங்க. எனக்கு மூஞ்சி நிக்காதுங்க, கலர்தான் நிக்கும்."

மகனின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை நீட்டினேன்.

"இதுல என்னா தெரியும்? போறப்ப என்னா கலர் சட்டை போட்டிருந்தான்?"

அவன் உயரம் தெரியும், மச்சம் தெரியும். அன்று காலை மதிப்பெண்ணைச் சொல்லி நான் திட்டிய ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. சட்டை மட்டும் நினைவில்லை.

"பெத்தவரு நீங்களே பாக்கலியா?" என்றார், கோபமில்லாமல்.

நான் வெறுங்கையோடு ஊர் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் மகன் தானாகவே வீடு திரும்பினான், அழுக்கேறிய பச்சைச் சட்டையில். இன்றும் அவன் வெளியே கிளம்பினால் வாசல்வரை போய்ச் சட்டையைப் பார்க்கிறேன். அந்த ஓவியருக்கு என் முகம் மறந்திருக்கும். என்னை எந்த நிறமாக வைத்திருக்கிறாரோ என்று நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.