பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு திராமிசு

பேக்கரிக்காரன் வீட்டுப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்றுதான் முதலில் பயந்தேன். ஊர் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, அறிவுரை சொன்னது. பாகற்காய் கொடு, வெந்தயம் கொடு, நாவல்கொட்டையைப் பொடி பண்ணிக் கொடு என்று, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடைக்கு பன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியர் ஆனார்கள். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய்விட்டது, இனிப்புத் தின்று வந்த வியாதி இல்லை என்று புதுச்சேரி டாக்டர் சொன்னதை நான் எத்தனை பேருக்குத் திருப்பிச் சொல்வது? ஒன்பது வயதுக் குழந்தை சாப்பாட்டுக்கு முன்னால் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகிக்கொண்டிருந்தாள். இவர்கள் நாவல்கொட்டை பேசினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். பின்கட்டில் மைதா மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அடுப்பிலிருந்து பட்டர் பிஸ்கட் தட்டை வெளியே இழுக்கும்போது ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், அதில் தெருவே திரும்பிப் பார்க்கும். அவள் நிமிர மாட்டாள். நான்தான் தட்டை அவசரமாக முன்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கொஞ்சம் வளர்ந்ததும், பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், அவள் எழுத்து அச்சு. விரலில் ஒட்டிய ஐசிங்கை வாயில் வைக்காமல் துணியில் துடைத்துக்கொண்ட ஒரே குழந்தை, நான் பார்த்ததில் அவள்தான்.

அவள் பிறந்தநாளுக்கு என் மனைவி பெரிய இட்லியாக ஒன்று ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி குத்தி வைப்பாள். நாங்கள் மூவரும் கைதட்டிப் பாடுவோம். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நானும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் மெழுகுவத்தியை ஊதி முடித்துவிட்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் கேட்டாள்.

"ஊருக்கே கேக் போடறியேப்பா, எனக்குன்னு ஒண்ணு போட முடியாதா?"

அன்றிலிருந்து கடையடைத்த பிறகு அதே வேலையாக இருந்தேன். சர்க்கரை இல்லாமல் போட்ட முதல் கேக்கை வைத்துச் சுவர் கட்டியிருக்கலாம். சர்க்கரை என்பது வெறும் இனிப்பு இல்லை, கேக்கை மெத்தென்று வைத்திருப்பதும் அதுதான் என்று அந்தத் தொழிலில் இருந்துகொண்டே மறந்துபோயிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையில், சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற சீனித்துளசிப் பொடி வாங்கி வந்தேன். அரைச் சிட்டிகை கூடினால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டு, ஊருக்குப் போகாத விருந்தாளி மாதிரி நகர மறுக்கும். என் மனைவி ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, மாட்டுக்குக் கூட வைக்காதீர்கள் என்றாள்.

அப்போதுதான், கல்யாணத்துக்கு முன்னால் நான் புதுச்சேரியில் ஒரு இத்தாலிக்காரர் ஓட்டலில் எடுபிடியாக இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அங்கே திராமிசு என்று ஒரு பலகாரம். காபியில் நனைத்த கேக் துண்டு, அதன் மேல் பாலாடைக்கட்டி மாதிரி ஒரு கிரீம், அதற்கும் மேல் கோகோ தூள். காபியும் கசப்பு, கோகோவும் கசப்பு. கசப்பை வைத்தே கட்டிய இனிப்பு. சீனித்துளசி கொஞ்சம் கசந்தாலும் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, மைதாவைக் குறைத்து, பாதாம் மாவைக் கூட்டி விரல் நீளத்துக்கு மெத்தென்ற துண்டுகள் சுட்டேன். கிரீமைச் சூடாக்கி எலுமிச்சைச் சாறு விட்டு, துணியில் கட்டி வடியவிட்டேன். மஞ்சள் கருவை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து அடித்துச் சேர்த்தேன். காபிக்கு நம் வீட்டு ஃபில்டர் டிகாக்ஷன்தான், இத்தாலிக்காரர் கண்டால் கோபித்துக்கொள்வாரோ என்னவோ. அடுக்கி, கோகோ தூவி, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தேன். அந்தப் பிறந்தநாளில் அவள் தன் பெயரைத் தானே அதன் மேல் எழுதினாள். சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு இருக்கிறதே என்று கணக்குப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு, ஓரத்திலிருந்து ஆரம்பித்துத் தட்டை வழித்துத் தின்றாள். என் கையால் எத்தனையோ கல்யாணத்துக்குக் கேக் போயிருக்கிறது. அந்தத் தட்டு தந்த சந்தோஷம் எதிலும் வரவில்லை.

வருஷா வருஷம் அப்படியே நடந்தது. பெண் படித்து முடித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சரும் ஆகிவிட்டாள். வரன் பார்க்க ஆரம்பித்தோம். விஷயத்தைச் சொன்னதும் முதலில் வந்தவர்கள் போய்ப் பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்றார்கள். அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தகவல் வரவில்லை. மூன்றாவது வரன் கோலியனூர். பையனுக்கு விழுப்புரத்தில் டிராக்டர் கம்பெனியில் வேலை, சொந்த நிலத்தில் கரும்பும் மல்லாட்டைக் கடலையும். இந்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்று என் அக்கா முடிவே பண்ணிவிட்டாள். "கரும்பு போடறவங்க வூட்டாண்ட போயி சக்கரைன்னு சொல்லிக்கினு நிப்பியாடா? தாலி ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றாள். என் மனைவி வாயைத் திறக்கவில்லை. நானும்தான். இந்த இடமும் கைவிட்டுப் போனால் பெண் முகத்தை எப்படிப் பார்ப்பது என்கிற பயம் எனக்கு.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயந்திரம் பெண் கடைக்கு வந்தாள். அத்தை கேசரியும் பஜ்ஜியும் போடட்டும், நீ திராமிசு பண்ணு என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அவங்களுக்கு நீட்டிட்டு நான் சும்மா நிக்க மாட்டேம்பா. நானும் கூட உக்காந்து சாப்புடணும்" என்றாள். அன்று ராத்திரியே டிகாக்ஷன் இறக்கினேன்.

வந்தார்கள். பையனின் அம்மா கேசரியைத் தள்ளி வைத்துவிட்டுத் திராமிசுக் கிண்ணத்தைத்தான் காலி பண்ணிக்கொண்டிருந்தார். கசக்கிறது, ஆனால் விட மனசு வரவில்லை, இது என்ன பலகாரம் என்று கேட்டார். வெளிநாட்டு ஸ்வீட்டு என்று அக்கா முந்திக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பெண் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒம்போது வயசுலருந்து சக்கரைங்க. தெனம் ஊசி போட்டுக்கறேன். இதுல சக்கரை இல்லீங்க. எங்கப்பா எனக்காகப் பண்றது."

பையனின் அப்பா கிண்ணத்தை மேஜையில் வைத்தார். பையன் தலை குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தான். போய்ப் பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அக்கா என்னை முறைத்த முறைப்பில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். பெண் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே, "பேஜாரு வுட்டுதுப்பா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து மத்தியானத்தில் அந்தப் பையன் கடைக்கு வந்தான். தனியாகத்தான் வந்திருந்தான். நின்றிருந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும் ஓரமாகக் காத்திருந்தான். இல்லை என்று நேரில் சொல்ல வந்திருக்கிறான், நல்ல பையன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா," என்றான், "ஊசி போட்டுக்கினா சில சமயம் சக்கரை ரொம்ப எறங்கிப் பூடுமாமே. அப்படி ஆச்சுன்னா நான் இன்னா குடுக்கணும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. வைத்தியம் சொன்ன ஊரும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், அப்போது யோசிக்கக் கூடாது, உடனே சர்க்கரைதான் கொடுக்க வேண்டும் என்றேன். தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கூடவே இருக்க வேண்டும் என்றேன். அதற்காகவே இத்தனை காலமும் நான் அரைத்தூக்கத்தில் எழுந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூட்டையிலிருந்து இரண்டு கை சர்க்கரை அள்ளிக் காகிதத்தில் பொட்டலம் கட்டினேன். அவன் கேட்காமலே நீட்டினேன். அவனும் ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கை எடுத்தான். பன் கேட்டு வந்த ஆளை நிற்க வைத்துவிட்டு, நான் கல்லாவில் உட்கார்ந்து அழுதேன்.