பெயர் சொல்லக்கூடாத சாட்சி

நோரீன் டக்வெல் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் வெகு காலமாக வரலாறு நடத்துகிறாள். மிக நல்ல ஆசிரியை என்று சொல்லத் தயங்குவேன். பொறுமை குறைவு, கரும்பலகையில் எழுதுவது யாருக்கும் புரியாது. ஆனால் எந்தச் சான்றைக் கொடுத்தாலும் பிள்ளைகளைக் கேட்க வைப்பாள்: இதைச் சொன்னது யார், அவர் கண்ணால் பார்த்தாரா, இப்படிச் சொன்னதால் அவருக்கு என்ன லாபம். பக்கத்து அறையில் புவியியல் நடத்தும் எனக்கு அந்தக் கேள்விகள் சுவர் வழியே கேட்கும்.

இந்த வருடம் அவள் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது எங்கள் ஊர் ஓடையில் நடந்ததை. மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஆஸ்திரேலியாவின் இந்தக் குயின்ஸ்லாந்து மாநில உட்பகுதிக்குள் வந்த காலத்தில், அங்கே முகாமிட்டிருந்த பூர்வகுடிகளைக் குதிரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. போலீஸ் அதிகாரியின் அறிக்கை ஒன்று இருக்கிறது. அதோடு ஒப்பிட இன்னொரு சான்றை மாணவர்களே தேடிக் கொண்டுவர வேண்டும்.

ஜலீசா மரின் தன் பெரியம்மா சொன்னதைக் கொண்டுவந்தாள். நாணல் புதருக்குள் ஒளிந்து தப்பிய சிறுமி பின்னாளில் தன் பேத்திக்குச் சொல்ல, அந்தப் பேத்தி இந்தப் பெரியம்மாவுக்குச் சொன்னது. பெரியம்மா ஈஸ்டர் சமயத்தில் இறந்துபோயிருந்தாள். இறந்தவரின் பெயரைக் குடும்பத்தார் அனுமதிக்கும்வரை சொல்லவோ எழுதவோ கூடாது என்பது அந்தப் பூர்வகுடி மக்களின் வழக்கம். ஜலீசா பெயரை எழுதவில்லை. நோரீன் அவளுக்கு ஏ போட்டாள்.

துறைத்தலைவர் டெஸ்மண்ட் ஃபாலட் அதை சி ஆக்கினார். ஆசிரியர் ஓய்வறையில் இறைச்சி அடைத்த அப்பத்தைத் தின்றுகொண்டே ஆக்கினார். தாளின் ஓரத்தில் தக்காளிச் சாஸ் ஒட்டியது.

"ஏம்மா நோரீன், சொன்ன ஆளுக்குப் பேரே இல்ல. இத எப்படிச் சான்றுன்னு எடுத்துக்கிறது?"

"பேர் எழுதக்கூடாது, டெஸ். அவங்க வீட்ல துக்கம்."

"துக்கத்துக்கு மார்க் போடறதா இருந்தா நானும் ஒரு கட்டுரை எழுதறேன். எங்க நாய் செத்துப்போச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த அதிகாரி மட்டும் ஓடையிலயா நின்னான்?" என்றாள் நோரீன். "காய்ச்சல்ல கூடாரத்துல படுத்திருந்தான். அவனே எழுதியிருக்கான். சுட்டுட்டு வந்தவங்க சொன்னதத்தான் அவன் அறிக்கையா எழுதினான். அவனுக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு. இவ பெரியம்மாவும் கேட்டதச் சொன்னா. அவளுக்கு என்ன கிடைச்சுது?"

"அவன் கையெழுத்துப் போட்டிருக்கான்ல?"

"பிள்ளைங்கள நான் கேக்கச் சொன்ன கேள்வி அது இல்ல."

"மார்க் போடற விதித்தாள்ல இருக்கிற கேள்வி அதுதான். பேர எழுதிடச் சொல்லு. பி போட்டுத் தரேன். தாராளமாத்தான் சொல்றேன்."

தன்னைத் தாராளமானவன் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார். இதைவிட அருவருப்பான ஒன்றை நான் அந்த அறையில் பார்த்ததில்லை. பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நோரீன் ஜலீசாவிடம் சொன்னாள். அப்போது நானும் இருந்தேன்.

"பேர எழுதினா பி. எழுதலன்னா சி."

"நீங்க என்ன சொல்றீங்க மிஸ்?"

"எழுதச் சொல்லி நான் கேக்கமாட்டேன்."

"கேட்டிருந்தா எங்கம்மா இங்க வந்திருப்பாங்க. உங்களுக்கு அது நல்லா இருந்திருக்காது." சற்று யோசித்தாள். "இப்ப அந்தக் கட்டுரை எங்க இருக்கு?"

"டெஸ் அறை அலமாரியில. மாதிரிக்குன்னு வச்சிருப்பாங்க. மார்க்கச் சரிபார்க்க ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் இருக்கும்."

"அந்தப் போலீஸ் அதிகாரியோட அறிக்கைகூடவா?"

"ஒரே கோப்புலதான்."

அந்தப் பெண்ணின் முகம் கெட்டுப்போன பாலை முகர்ந்ததுபோல் சுருங்கியது. "பெரியம்மா பேச்ச அவன் பக்கத்துல வச்சிருக்காங்களா? எடுத்துக் குடுங்க மிஸ்."

"எடுத்தா சி-யும் போயிடும். பூஜ்யம்தான். வருஷ மார்க்கே இறங்கிடும்."

"சி-ய வச்சு நான் யாருகிட்டக் காட்டப் போறேன்?"

நோரீன் அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் போனாள். ஃபாலட்டின் அறை திறந்துதான் இருந்தது. அவர் மைதானத்தில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்து தாள்களை ஜலீசாவின் கையில் கொடுத்தாள். சாஸ் பட்ட ஓரத்தைப் பார்த்ததும் ஜலீசா அதை மட்டும் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மிச்சத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள்.