ரயில்வே கேட்டில் கத்திச் சொன்னது

அன்பான சகோதர சகோதரிகளே, நான் வில்லியனூரில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போவேன், தொழிலில் பரக்கத் கொடு, பெருக்கிக் கொடு என்று துஆ கேட்பேன். கடைக்குத் திரும்பி வந்து பழைய பிரேக் ஷூவைப் போட்டுவிட்டுப் புதுசு என்று சொல்வேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மற்ற வண்டிகளில் கழற்றிய ஷூக்களை ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். உப்புத்தாளில் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும், கொஞ்ச நாளைக்கு நன்றாகவே பிடிக்கும். ஊரில் யார்தான் செய்யவில்லை, நான் மட்டும் என்ன உத்தமனா என்று என்னையே தட்டிக் கொடுத்துக்கொள்வேன். கடையிலும் எந்நேரமும் கூட்டம்.

போன வருஷம் ரமலானுக்கு முந்தின மாதம். திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் கலைச்செல்வி, என்னிடம் விட்டிருந்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மதிய ஷிப்டுக்குக் கிளம்பினாள். பல வருஷமாக வருகிறவள். அவளுக்கும் டப்பா ஷூதான் போட்டிருந்தேன். அவள் போன பிறகு அதே டப்பாவிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்துத் தேய்த்தேன். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. இந்த ஜோடியும் அவளுக்குப் போட்ட ஜோடியும் ஒரே பழைய வண்டியில் கழற்றியவைதான். ஓடுகிற வண்டியில் இப்படிப் பெயர்ந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த ரோட்டில் பின்னாலேயே லாரி வரும்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். மதியத் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு கேட்டது, நிற்கவில்லை. வழியில் நாலு பேர் கூடி நின்றாலே உயிர் போய் உயிர் வந்தது. வாய்விட்டுக் கேட்டேன்.

"யா அல்லாஹ், அந்தப் புள்ளைய எங்கியாவது நிறுத்தி வை. என் பேரு கெட்டா கெட்டுப் போவட்டும்."

அதுவரை என் பேரை விட்டுக்கொடுத்து நான் எதையும் கேட்டதில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைத் திட்டாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது, நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். வெயிலில் நின்ற வண்டிகளுக்கு நடுவே அவளுடைய நீலத் துப்பட்டா தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிட்டே போய் மெதுவாகத்தான் சொன்னேன். ரயில் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "இன்னா பாய்?" என்றாள். கத்த வேண்டியதாயிற்று.

"உன் வண்டிக்குப் பழைய ஷூவ போட்டுட்டேம்மா. ஓட்டாத, எறங்கு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அதில் பாதிப் பேர் என் கஸ்டமர்கள். கலைச்செல்வி திட்டவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனுக்கு மட்டுந்தானா பாய், இன்னும் எத்தினி பேருக்குப் போட்டுக்கிறீங்க?"

கூட வேலை செய்யும் பெண்ணின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நான் என் பைக்கைக் கேட்டோரம் விட்டுவிட்டு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, புது ஷூ மாட்டி அவள் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யோசித்து யோசித்து எண்ணியதில், டப்பா ஷூவோடு அப்போது ஓடிக்கொண்டிருந்தவை இன்னும் ஒன்பது வண்டிகள். சுத்துக்கேணி, பாகூர் என்று வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லிப் புது ஷூ மாட்டினேன். ஒருவர் கன்னத்தில் அறைந்தார். வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் கடையில் ஈ ஓட்டினேன்.

முதலில் திரும்பி வந்தது கலைச்செல்விதான், புருஷனின் பைக்கோடு. நம்பி வரவில்லை, கண்காணிக்கத்தான் வந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் மாட்டிய ஒவ்வொன்றையும் பார்த்தாள். அதன் பிறகு யார் வந்தாலும் புது ஷூ வந்த அட்டைப்பெட்டியை அவர்கள் கண்முன்னே பிரிக்கிறேன், கழற்றியதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். இப்போது அவளுடைய கம்பெனி வண்டிகளே பாதி என்னிடம் வருகின்றன. முன்பும் கூட்டம் இருந்தது. ஆனால் போன வண்டி முழுசாகத் திரும்பி வருமா என்ற பயமும் கூடவே இருக்கும். இன்று அது இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நீங்களும் எதையாவது மறைத்துக்கொண்டு பரக்கத் கேட்கிறீர்கள் என்றால், முதலில் அதை அல்லாஹ்விடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவன் கைவிட மாட்டான்.

ஒன்பதில் எட்டு வண்டிகளைத்தான் கண்டுபிடித்தேன். ஒன்பதாவது ஒரு கறுப்பு பைக். வழியில் போகிறவர், முன்னால் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். ஊர், பேர் எதுவும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களுக்காகக் கேட்கிறேன். உங்கள் துஆவிலும் அந்த இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.